மற்றவர்கள்: வீடியோ கேம் வரிச்சலுகையையும் திணைக்களச் சம்பள அட்டவணையையும் சேர்த்து வாசித்தல்

1

பிரித்தானிய அரசாங்கத் திணைக்களம் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் ஒரு கணக்கறிக்கை வெளியிடும். அதிலே 'ஆளணிச் செலவு' என்றொரு அட்டவணை இருக்கும். மேலே நான்கு தலைப்புகள்: நிரந்தர ஊழியர், மற்றவர்கள், அமைச்சர்கள், சிறப்பு ஆலோசகர்கள். பக்கவாட்டில் சம்பளம், சமூகக் காப்புறுதி, ஓய்வூதியம் என்று வரிகள்.

அந்த 'மற்றவர்கள்' நிரலில் நான் ஒரு வருடமும் சில மாதங்களும் இருந்தேன். ஏஜென்சி மூலம் போன ஆள். திணைக்களத்தின் பெயர் இங்கே அவசியமில்லை. வேலை, கோப்புகளை ஸ்கேன் செய்வதும், பாராளுமன்ற உறுப்பினர்கள் எழுத்தில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவோருக்கு எண்கள் திரட்டிக் கொடுப்பதும். ஒருநாள் வந்த கேள்வி இது: கடந்த மூன்று வருடங்களில் ஏஜென்சி ஆட்களுக்கு எவ்வளவு செலவு? நான் ஒவ்வொரு கிளைக்கும் போன் பண்ணி, எண்களைக் கூட்டி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எங்கள் கிளையின் எண்ணிக்கையில் ஒன்று நான். எனக்குக் கிடைத்த மணிக்கூலியைவிட ஏஜென்சிக்குத் திணைக்களம் கட்டிய தொகை எவ்வளவு கூட என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். அந்தப் பதில் அச்சில் வந்த ஆண்டு 2010. அந்த ஆண்டு முடியமுதல் என்னை நிற்பாட்டி விட்டார்கள். மேலாளர் நல்ல மனிதர். "இது ஆட்குறைப்பு இல்லை, நீங்கள் ஆள் எண்ணிக்கையிலேயே இல்லையே" என்று ஆறுதல் சொன்னார்.

நாங்கள் தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைகளில் 'மற்றமை' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். மையம், விளிம்பு, மற்றது என்று விவாதித்துச் சண்டை பிடித்தோம். ஒரு கணக்காளர் எந்தத் தத்துவமும் படிக்காமல் அந்தச் சொல்லை ஒரு நிரலுக்குத் தலைப்பாக வைத்திருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது.

இந்தக் கட்டுரை அந்த அட்டவணையில் தொடங்கினாலும் அதைப் பற்றியது மட்டுமல்ல. அதே அரசாங்கம் இன்னொரு கூட்டத்தாரின் சம்பளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்து வருகிறது. அது எந்த ஆளணி அட்டவணையிலும் வராது. அந்தக் கூட்டத்தார் வீடியோ கேம் செய்பவர்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

2

2010 மார்ச்சில் தொழிற்கட்சி நிதியமைச்சர் அலிஸ்ரர் டார்லிங் தனது கடைசி வரவு செலவுத் திட்டத்தில் வீடியோ கேம் கொம்பனிகளுக்கு வரிச்சலுகை தருவதாக அறிவித்தார். மே மாதம் தேர்தல். ஜூனில் புதிய நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன், அந்தச் சலுகை இலக்குத் தவறியது என்று சொல்லி நீக்கினார். ஒக்டோபரில் செலவு மீளாய்வு வந்தது. கலை, ஊடகம் முதலியவற்றுக்குப் பொறுப்பான பண்பாட்டுத் திணைக்களம் தனது நிர்வாகச் செலவை 41 சதவீதம் வெட்ட வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. நிர்வாகச் செலவு என்பதற்கு நடைமுறையில் பொருள் ஆட்கள்தான். திரைப்படச் சபையை மூடுவதாக ஜூலையிலேயே அறிவித்திருந்தார்கள். 2011 மார்ச் முடிவோடு அது மூடப்பட்டு, அதன் வேலைகள் பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்துக்குக் கைமாறின.

இதுவரை கதையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. காசில்லை, எல்லாருக்கும் வெட்டு. சலுகைக்கும் வெட்டு, ஆளணிக்கும் வெட்டு.

ஆனால் இரண்டு வருடம் போகவில்லை. 2012 மார்ச்சில் அதே ஒஸ்போர்ன் அதே சலுகையை மீண்டும் அறிவித்தார். ஐரோப்பிய ஆணைக்குழு 2013இல் விசாரணை தொடங்கியது. இந்தத் துறைக்கு உண்மையில் உதவி தேவையா, உதவியில்லாமலே கேம்கள் வந்துகொண்டுதானே இருக்கின்றன என்பது அதன் சந்தேகம். 2014 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. ஏப்ரலிலிருந்து நடைமுறை. வெட்டப்பட்ட இரண்டில் ஒன்று திரும்பி வந்தது. மற்றது வரவில்லை.

சலுகை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். எங்களில் பலர் இந்த இடத்தில்தான் பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். ஒரு கேமை வடிவமைக்க, உருவாக்க, பரிசோதிக்க ஆகும் செலவை 'மையச் செலவு' என்கிறது சட்டம். கொம்பனி 100 பவுண் செலவழித்தால் அதில் 80 பவுண்வரை கணக்கில் எடுக்கப்படும். லாபம் இல்லாத கொம்பனி அதன் 25 சதவீதத்தை, அதாவது 20 பவுணை, காசாகவே வாங்கிக் கொள்ளலாம். கட்ட வேண்டிய வரியைக் குறைப்பது மட்டும் என்றால் அது சலுகை. வரியே கட்டாதவருக்கும் காசு கொடுப்பதை என்னவென்று சொல்வது? எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு மானியம் என்றுதான் பெயர்.

2024 ஜனவரியிலிருந்து புதிய முறை ஒன்று ஓடுகிறது. 80 பவுணுக்கு 34 சதவீதம், அதாவது 27 பவுண் 20 பென்ஸ். அதன்மேல் 25 சதவீத வரி. கையில் மிஞ்சுவது 20 பவுண் 40 பென்ஸ். பெயர் மாறியது, கணக்கு எழுதும் விதம் மாறியது, கைக்கு வரும் தொகை ஏறத்தாழ அதேதான்.

கேம் ஒன்றின் செலவில் பெரும்பகுதி சம்பளம். இரும்பு இல்லை, சீமெந்து இல்லை. ஆட்களின் நேரம்தான் மூலப்பொருள். ஆகவே இந்த 20 பவுண் என்பது, சுற்றி வளைக்காமல் சொன்னால், தனியார் கொம்பனியின் சம்பளப் பட்டியலில் அரசு போடும் ஐந்தில் ஒரு பங்கு. தான் வேலைக்கு வைத்தவனின் சம்பளத்தை அரசு 'செலவு' என்கிறது. தான் வேலைக்கு வைக்காதவனின் சம்பளத்தில் போடும் பங்கை 'முதலீடு', 'ஊக்குவிப்பு' என்கிறது. அந்த வேறுபாட்டைத்தான் நான் விளங்கிக்கொள்ளப் பார்க்கிறேன்.

3

எல்லாக் கேமுக்கும் இந்தக் காசு கிடைக்காது. 'பண்பாட்டுச் சோதனை' ஒன்றில் தேற வேண்டும். அதன் பிரதியை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். இலக்கிய விமர்சகர்கள் அவசியம் வாசிக்க வேண்டிய பிரதி அது.

மொத்தம் 31 புள்ளிகள். 16 எடுத்தால் சித்தி. கதை நடக்கும் இடத்துக்கு 4, முக்கிய பாத்திரங்களுக்கு 4, கதைப்பொருளுக்கு 4, உரையாடல் மொழிக்கு 4. பிரித்தானியப் பண்பாட்டுக்குச் செய்யும் பங்களிப்புக்கு 4. வேலை நடக்கும் இடத்துக்கு 3. ஆட்களுக்கு 8: திட்டத் தலைவர், எழுத்தாளர், இசையமைப்பாளர், ஓவியர், புரோகிராமர் என்று ஆளாக எண்ணிப் புள்ளி. மதிப்பிடுவது பிரித்தானியத் திரைப்பட நிறுவனம்.

அரசு இங்கே விமர்சகனாக வேலை பார்க்கிறது. பாத்திரம், களம், மொழி, பண்பாடு என்ற எங்கள் கலைச்சொற்களை எடுத்து அவற்றுக்கு விலை போடுகிறது. உரையாடலுக்கான நான்கு புள்ளி ஆங்கிலத்துக்கும், அங்கீகரிக்கப்பட்ட பிராந்திய மொழிகளுக்கும், ஐரோப்பிய மொழிகளுக்கும் உண்டு. லண்டனில் ஈஸ்ற்ஹாம் தெருவிலே நாள் முழுக்கக் கேட்கிற தமிழுக்கு இல்லை. அதற்காக நான் கண்ணீர் விடவில்லை. தமிழுக்கும் நாலு புள்ளி தா என்று மனுக்கொடுக்கும் அரசியல் எனக்கு உடன்பாடானதல்ல. அந்த மனு, புள்ளி போடும் அதிகாரத்தை ஏற்றுக்கொண்ட பிறகு எழுதப்படுகிற மனு.

எங்களுக்கு இது புதுக் கூத்தும் இல்லை. 2006இல் தமிழ்நாட்டில் கருணாநிதி அரசு, தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று அறிவித்தது. 'ஜில்லுன்னு ஒரு காதல்' 'சில்லுன்னு ஒரு காதல்' ஆனது. 'எம்டன் மகன்' 'எம் மகன்' ஆனது. 2011இல் ஜெயலலிதா அரசு வந்து, பெயர் மட்டும் போதாது, 'யு' சான்றிதழ் வேண்டும், தமிழ்ப் பண்பாட்டை வளர்க்க வேண்டும் என்று மேலும் நிபந்தனைகளைச் சேர்த்தது. மொழி வளர்ந்ததா என்பதை வாசகரின் தீர்ப்புக்கு விடுகிறேன். ஆனால் யாருடைய கணக்கில் காசு விழுந்தது என்பதில் ஐயமில்லை. லைட் பிடித்தவனுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடு என்று ஒரு நிபந்தனை அந்த இரண்டு அரசாணையிலும் இல்லை.

பிரித்தானியப் பண்பாட்டுச் சோதனையிலும் அதுதான் நிலை. ஆட்கள் எங்கே வசிக்கிறார்கள், எந்த நாட்டுக்காரர் என்பதற்குப் புள்ளி உண்டு. அவர்களுக்கு நிரந்தர வேலையா, இரவில் எத்தனை மணிவரை இருத்தி வைக்கிறார்கள், சங்கம் வைக்க விடுகிறார்களா என்பதற்குப் புள்ளி இல்லை. இந்தப் பிரதியில் தொழிலாளி 'பண்பாடாக' வருகிறான், உழைப்பாக வருவதில்லை. பண்பாடு என்ற சொல் இங்கே செய்யும் வேலையே அதுதான்: கூலிப் பங்கீட்டைக் கலை ஆதரவாக மாற்றிக் காட்டுவது. ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் அனுமதி வாங்குவதற்கும் அந்தச் சொல்தான் கைகொடுத்தது. பிரித்தானியாவில் செய்யப்படும் கேம்களில் கால்வாசி மட்டுமே இதற்குத் தகுதி பெறும், அவை சந்தையில் முதல் தேட முடியாத தனித்துவமான படைப்புகள் என்று அனுமதி அறிவிப்பில் எழுதினார்கள்.

4

இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வரிச்சலுகையிலிருந்து என்று யாரும் சொல்ல முடியாது. சலுகை 2014இல் வந்தது. தொழில் அதற்கு முப்பது வருடம் மூத்தது.

ஸ்கொட்லாந்தில் டண்டீ என்று ஒரு நகரம். அங்கே டைமெக்ஸ் தொழிற்சாலையில் 1980களில் சின்கிளேர் கொம்பனியின் ஸ்பெக்ட்ரம் கணனியைப் பூட்டினார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பான்மை பெண்கள். அங்கே பயிலுநர் பொறியியலாளராக இருந்த டேவிட் ஜோன்ஸ் ஆட்குறைப்பில் வெளியேறியபோது, கிடைத்த நட்டஈட்டுக் காசில் ஒரு அமிகா கணனி வாங்கினார். அந்த ஊர்த் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தார். நண்பர்களைச் சேர்த்து டி.எம்.ஏ. டிசைன் என்ற கொம்பனியைத் தொடங்கினார். 1991இல் 'லெமிங்ஸ்', 1997இல் 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ'. அவர் படித்த கல்லூரி அபர்டே பல்கலைக்கழகமாகி, அதே 1997இல் கணனி விளையாட்டுக்கென்றே ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கியது. உலகிலேயே முதலாவது என்று சொல்கிறார்கள்.

அந்த டைமெக்ஸ் பெண்களுக்கு என்ன நடந்தது? 1993 தொடக்கத்தில் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம். முந்நூறுக்கும் மேற்பட்டோரை நிர்வாகம் வெளியேற்றி, பஸ்ஸில் வேறு ஆட்களை ஏற்றி இறக்கியது. வாசலிலே மாதக்கணக்காக மறியல். ஆகஸ்டில் தொழிற்சாலையையே மூடி விட்டார்கள். டண்டீயின் கேம் வரலாற்றைச் சொல்பவர்கள் ஸ்பெக்ட்ரத்தை நினைவுகூர்வார்கள். அதைப் பூட்டிய கைகளை அவ்வளவாக நினைவுகூர்வதில்லை.

இன்னொன்று. 1980களின் தொடக்கத்தில் கைத்தொழில் திணைக்களம் இடைநிலைப் பள்ளி ஒவ்வொன்றும் ஒரு கணனி வாங்க அரைவாசிக் காசு கொடுத்தது. பி.பி.சி. தன் பெயரிலே ஒரு கணனியைச் செய்வித்து, 1982இல் தொலைக்காட்சியில் பாடம் நடத்தியது. ஆட்சியில் இருந்தவர் தட்சர். அரசு எதிலும் கைவைக்கக் கூடாது என்று சொன்ன அம்மையாரின் காலத்திலேயே, பள்ளி ஆசிரியரும் பொது ஒலிபரப்பாளரும் உள்ளூர்க் கல்லூரியும் சேர்ந்து ஒரு தலைமுறைக்கு நிரல் எழுதப் பழக்கினார்கள். வீடியோ கேம் தொழிலுக்கு அரசு கொடுத்த மிகப் பெரிய ஆதரவு அதுதான். ஆனால் அதற்கு 'தொழில் ஆதரவு' என்று பெயர் இல்லை. அதன் பெயர் ஆளணிச் செலவு. ஆசிரியர் சம்பளம்.

பிறகு அது தேய்ந்தது. 2011இல் இயன் லிவிங்ஸ்டனும் அலெக்ஸ் ஹோப்பும் எழுதிய அறிக்கை, பள்ளிகளில் கணனிப் பாடம் என்ற பெயரில் அலுவலக மென்பொருள் பாவிக்கத்தான் பழக்குகிறார்கள், நிரல் எழுதக் கற்பிப்பதில்லை என்று முறையிட்டது. தொழிலுக்காகப் பேசியவர்களே கேட்டது ஆசிரியர்களை. 2014 செப்டெம்பரில் இங்கிலாந்தின் பாடத்திட்டம் மாற்றப்பட்டது. பாடம் வந்தது, கற்பிக்க ஆள் வரவில்லை. கணனி ஆசிரியர் சேர்ப்பு இலக்கு பல ஆண்டுகள் தொடர்ந்து எட்டப்படாமலே போனது. 2014இலே சலுகையும் வந்தது, பாடத்திட்டமும் வந்தது. ஒன்றுக்குக் காசு வரம்பில்லாமல் ஓடியது. மற்றது ஆளில்லாமல் தவித்தது.

5

'வரம்பில்லாமல்' என்று சும்மா சொல்லவில்லை. திணைக்களத்தின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. தாண்டினால் அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். வரிச்சலுகைக்கு உச்சவரம்பு கிடையாது. எத்தனை பேர் தகுதியோடு கேட்கிறார்களோ அத்தனை பேருக்கும் கொடுத்தே ஆக வேண்டும். தொடக்க மதிப்பீடு ஆண்டுக்குச் சில பத்து மில்லியன் பவுண். ஐந்து வருடத்துக்குள்ளேயே ஆண்டுக்கு 100 மில்லியனைத் தாண்டி விட்டது. அதற்காக எந்த அமைச்சரும் தலை குனிய வேண்டி வரவில்லை. ஏனென்றால் அது 'செலவு' அல்ல, 'வராத வரவு'.

தேசிய கணக்காய்வு அலுவலகம் 2020இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றில், முந்திய ஆண்டுக் கணக்குப்படி நாட்டில் 1,190 வரி விலக்குகளும் சலுகைகளும் இருக்கின்றன என்றது. அவற்றில் 362 ஏதோ ஒரு கொள்கை நோக்கத்துக்காகக் கொடுக்கப்படுபவை. அந்த 362இலும் பெரும்பான்மைக்கு எவ்வளவு செலவாகிறது என்ற மதிப்பீடுகூட வெளியிடப்பட்டிருக்கவில்லை.

இனி வெளிப்படைத்தன்மையைப் பாருங்கள். 2010க்குப் பிறகு திணைக்களங்கள் 25,000 பவுணுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கொடுப்பனவையும் பெயரோடு வெளியிட வேண்டும். மாதாமாதம் எத்தனை நிரந்தர ஊழியர், எத்தனை தற்காலிக ஆள், எவ்வளவு சம்பளம் என்று பட்டியல் போட வேண்டும். என்னைப்போல் ஸ்கேன் பண்ணுகிறவனும் அந்தப் பட்டியலில் ஓர் எண். இது நல்ல விஷயம்தான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் கேம் சலுகையைப் பற்றி வரித் திணைக்களத்தின் புள்ளிவிவர ஏட்டில் வருவது மொத்தத் தொகைதான். எந்தக் கொம்பனி எவ்வளவு வாங்கியது என்று அதில் இராது. வரி கட்டுவோரின் இரகசியம் காக்கப்பட வேண்டுமாம்.

அந்த இரகசியத்தை 2019இல் டாக்ஸ்வொட்ச் என்ற அமைப்பு, கொம்பனிகள் சட்டப்படி தாக்கல் செய்த கணக்குகளை ஒன்றொன்றாக வாசித்து உடைத்தது. 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ'வின் பிற்காலத் தொடர்களைச் செய்த எடின்பரோவிலுள்ள ரொக்ஸ்டார் நோர்த், 2015 முதல் 2017 வரையான மூன்று ஆண்டுகளுக்கு 42 மில்லியன் பவுண் சலுகை கோரியிருந்தது. அதுவரை முழுத் துறைக்கும் கொடுத்ததில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 2009 முதல் 2018 வரை இங்கே அது கொம்பனி வரி கட்டவில்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. சந்தையில் முதல் தேட முடியாத தனித்துவமான படைப்பு என்று அனுமதி வாங்கியபோது சொன்னார்களே, அந்தக் கதாநாயகனும் உலகத்திலேயே கூட விற்ற கேம்களில் ஒன்றைச் செய்தவனும் ஒரே கவுண்டரில் வரிசையில் நிற்கிறார்கள்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? வரித் திணைக்களம் 2005இல் இரண்டு திணைக்களங்களை இணைத்து உருவானபோது தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆளணி இருந்தது. பத்து வருடத்தில் அது அறுபதாயிரம் அளவுக்கு இறங்கியது. 2015இல், 170 அலுவலகங்களை மூடி 13 பிராந்திய மையங்களாகச் சுருக்கப் போவதாக அறிவித்தார்கள். சலுகைகள் கூட, சரிபார்க்கும் ஆட்கள் குறைய, என்ன நடக்கும் என்பதற்குச் சோதிடம் தேவையில்லை. கேம் சலுகையின் பெரிய அண்ணன் ஒன்று இருக்கிறது: ஆராய்ச்சி, அபிவிருத்திச் செலவுக்கான வரிச்சலுகை. 2020-21ஆம் ஆண்டுக்கான அந்தச் சலுகையில் ஆறில் ஒரு பங்கு, ஒரு பில்லியன் பவுணுக்கு மேல், பிழையாலோ மோசடியாலோ போனது என்று திணைக்களமே பிறகு மதிப்பிட்டது. ஒரு பில்லியன் பவுணுக்கு எத்தனை எழுத்தரின் சம்பளம் அடங்கும் என்று கணக்குப் பாருங்கள். மிச்சம் பிடித்த சம்பளத்தைவிட, மிச்சம் பிடித்ததால் போன காசு கூட.

ஆளணியை வெட்டுவதும் சலுகையைக் கூட்டுவதும் இரண்டு தனிக் கொள்கைகள் அல்ல. பார்க்கும் கண்களைக் குறைத்தால்தான் கொடுக்கும் கை தாராளமாக இருக்க முடியும். மானியத்துக்கு விண்ணப்பம் வாசிக்க, இடம் போய்ப் பார்க்க, மறுக்க ஆள் வேண்டும். வரிச்சலுகைக்கு ஒரு படிவம் போதும். 'சிறிய அரசு' என்ற சொல்லாடல் இதைத்தான் மறைக்கிறது. அரசு சிறிதாகவில்லை. அது சம்பளம் கொடுக்கும் இடம் மாறியிருக்கிறது.

6

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதைத் தட்டிக்கழிக்க முடியாது. கனடாவில் கியூபெக் மாகாணம் 1996இலேயே கேம் செய்பவரின் சம்பளத்துக்கு நேரடியாக வரிச்சலுகை தொடங்கியது. 37.5 சதவீதம் வரை போனது. 1997இல் பிரெஞ்சுக் கொம்பனியான யூபிசொஃப்ட் மொன்றியலில் கடை விரித்தது. நாங்களும் கொடுக்காவிட்டால் எங்கள் ஆட்கள் கனடா போய்விடுவார்கள் என்பது இங்குள்ள கேம் முதலாளிகளின் சங்கங்கள் பல வருடம் வைத்த வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2010 ஆகஸ்டில், சலுகை நீக்கப்பட்டு இரண்டே மாதத்தில், டண்டீயில் டேவிட் ஜோன்ஸின் பிந்திய கொம்பனியான ரியல்டைம் வேர்ல்ட்ஸ் சரிந்தது. அவர்களின் கேம் விலைபோகாததுதான் காரணம் என்றாலும், அந்த நகரம் பட்ட அடி பட்டதுதான். நாலு பேர், ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்ன ஸ்டூடியோக்களுக்கு இந்த 20 பவுண் மூச்சுக்காற்று. நான் அதைப் பறிக்கச் சொல்லவில்லை.

நான் கேட்பது வேறு. சம்பளத்தில் பங்கு போடுகிறவனுக்கு வேலை நிலைமையில் சொல் இருக்க வேண்டாமா?

என் அக்காவின் மகன் ஒரு கேம் ஸ்டூடியோவில் பரிசோதகனாக இருந்தான். ஒரே கதவை இருநூறு தரம் திறந்து மூடிப் பார்க்கிற வேலை. ஆறு மாத ஒப்பந்தம், பிறகு இன்னொரு ஆறு மாதம். 2023இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அந்த வருடமும் அடுத்த வருடமும் உலகம் முழுக்க இந்தத் துறையில் வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். சோனியின் லண்டன் ஸ்டூடியோவும் 2024இல் மூடப்பட்டது. நான் அவனுக்கு இந்த 20 பவுண் கணக்கை விளங்கப்படுத்தினேன்.

"மாமா, அரசாங்கம் எங்களுக்கு ஒண்டும் தரேல்லை."

"உனக்கெண்டு தரேல்லை தம்பி. உன்ர பேரில குடுத்தது."

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு கேட்டான்: "அப்ப என்னை நிப்பாட்டினாப் பிறகு அந்தக் காசைத் திருப்பி வாங்கினவையோ?"

இல்லை. திருப்பி வாங்க வழி கிடையாது. செலவழித்த சம்பளத்துக்குத்தான் சலுகை. அதன் பிறகு ஆளை வைத்திருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. அவனை ஏஜென்சி அனுப்பியது, என்னையும் ஏஜென்சி அனுப்பியது. நான் அரசின் 'மற்றவர்கள்'. அவன் அந்த நிரலில்கூட இல்லாத மற்றவன்.

2025 ஒக்டோபர் இறுதியில் ரொக்ஸ்டார், பிரித்தானியாவிலும் கனடாவிலுமாக முப்பதுக்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து நீக்கியது. அவர்கள் சங்கம் அமைத்துக்கொண்டிருந்தவர்கள், இது சங்க ஒடுக்குமுறை என்றது ஐ.டபிள்யூ.ஜி.பி. தொழிற்சங்கம். கொம்பனி மறுத்தது. இரகசியத் தகவல்களைப் பகிர்ந்ததற்காகவே நீக்கினோம் என்றது. எடின்பரோவிலும் லண்டனிலும் வாசலில் மறியல் நடந்தது. டிசெம்பரில் பாராளுமன்றத்தில் கேள்வி வந்தபோது, இது மிகவும் கவலைக்குரியது, அமைச்சர்கள் பார்ப்பார்கள் என்று பிரதமர் ஸ்டார்மர் பதில் சொன்னார். சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நான் பார்ப்பது அந்தப் பதிலில் உள்ள வலுவின்மையை. கையில் 31 புள்ளிச் சோதனை ஒன்றை வைத்திருக்கும் அரசு, அதில் 'சங்கத்தை அங்கீகரிக்கிறதா' என்று ஒரு வரி எழுதியிருந்தால், பிரதமர் கவலைப்பட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

அதே 2025இன் மார்ச்சில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், திணைக்களங்களின் நிர்வாகச் செலவை இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 15 சதவீதம் குறைக்கப் போவதாக அறிவித்தார். பத்தாயிரம் வேலைகள் போகலாம் என்றார். ஜூனில் வெளியான படைப்புத் தொழில்களுக்கான திட்டத்தில், கேம் துறைக்கு மூன்று வருடத்தில் 30 மில்லியன் பவுண் என்று இருந்தது. ஆட்சி மாறியிருக்கிறது, கட்சி மாறியிருக்கிறது. 2010இல் நான் கண்ட அதே இரண்டு கைகள். இந்த 30 மில்லியனை நான் குறை சொல்லமாட்டேன். அது பெயரோடு, தொகையோடு, யாருக்கு என்று கேட்கக்கூடியபடி வருகிற காசு. சலுகையாகப் போவதோ ஒவ்வொரு வருடமும் அதைவிடப் பலமடங்கு. அதைப்பற்றித் திட்டம் பேசும்போது பெருமையாகப் பேசுகிறது, கணக்காகப் பேசுவதில்லை.

எங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வீடியோ கேமைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் எழுதப்பட்டவை அநேகமாக வன்முறை பற்றி, பெண்ணுடலைக் காட்டும் விதம் பற்றி, பிள்ளைகள் கெட்டுப்போவது பற்றி. திரையில் தெரிவதை வாசிக்கப் பழகியிருக்கிறோம். திரைக்குப் பின்னால் ஒரு சட்டப்பிரிவும், ஒரு அட்டவணையும், ஒரு ஒப்பந்தத் தாளும் இருக்கின்றன. அவையும் பிரதிகள்தாம். அவற்றை வாசிப்பதைக் கணக்காளரிடம் விட்டுவிட்டு நாங்கள் குறியீடுகளைத் துருவிக்கொண்டிருந்தோம். நானும் அதைத்தான் செய்தேன்.

செய்யக்கூடியவை பெரிய புரட்சியல்ல. சலுகை பெறும் கொம்பனியின் பெயரையும் தொகையையும் 25,000 பவுண் விதியின்கீழ் கொண்டு வரலாம். ஒரு கொம்பனிக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைக்கலாம், சின்ன ஸ்டூடியோக்களுக்கு மிச்சமிருக்கும். சோதனையில் உழைப்புக்குப் புள்ளி வைக்கலாம். எல்லாவற்றுக்கும் முதல், சரிபார்க்க ஆள் எடுக்கலாம். அந்த ஆளின் சம்பளம் ஆளணிச் செலவு என்ற அட்டவணையில் வரும். யாராவது ஒரு பாராளுமன்ற உறுப்பினர் எழுந்து, இது ஏன் கூடியிருக்கிறது என்று கேட்பார். அப்போது பதில் எழுதுகிறவரிடம், இந்தத் திணைக்களம் வேலைக்கு வைக்காதவர்களின் சம்பளத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு கொடுத்தது என்ற இன்னொரு எண்ணும் கையில் இருக்க வேண்டும்.

இந்தக் கேள்வியை லண்டனில் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ள நான் விரும்பவில்லை. நீங்கள் இருக்கும் ஊரில் எந்தத் துறைக்கு எந்தப் பெயரில் இது நடக்கிறது என்று தேடிப் பார்த்து எழுதுங்கள். தொடர்ந்து விவாதிக்கலாம்.